திரை எந்தப் பக்கம் பார்க்கிறது

எங்கள் ஊரில் ஓர் அரசு அலுவலக வாசலில் தொடுதிரை இயந்திரம் ஒன்று நிற்கிறது. ஆள் உயரம், வெள்ளை இரும்புப் பெட்டி, நெற்றியில் 'தகவல் மையம்' என்ற எழுத்து. வைத்த புதிதில் ஓடியிருக்கலாம். நான் பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து அதன் தலையில் காவலாளியின் சாப்பாட்டுப் பைதான் இருக்கிறது. பக்கவாட்டில் ஒரு குடை தொங்கும். ஒருநாள் யாரோ சுவிட்சைப் போட்டுவிட்டார்கள். திரையில் விண்டோஸ் முகப்பு, அதன் நட்ட நடுவில் ஆங்கிலத்தில் ஒரு பிழைச் செய்தி. பட்டா விஷயமாக வந்திருந்த பெரியவர் அதன் முன் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுல என்னங்கய்யா தெரியும்?" என்று கேட்டார். "நேரம் தெரியும்" என்றார் காவலாளி. கீழ் மூலையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. சரியாக ஐந்தரை மணி நேரம் பின்தங்கி. அந்தப் பெட்டி இந்தியாவில் நிற்கிறது என்பதை அதற்கு யாருமே சொல்லவில்லை.

இப்படிப்பட்ட இயந்திரங்களை வாங்குவதற்கான டெண்டர் அறிவிப்புகளைப் படிப்பது என் கெட்ட பழக்கங்களில் ஒன்று. திரை எத்தனை அங்குலம், தகட்டின் கனம் எத்தனை மில்லிமீட்டர், பெயின்ட் எந்த ரகம், வாரண்டி எத்தனை ஆண்டு என்று பக்கம் பக்கமாகப் போகும். மென்பொருளுக்கு வரும்போது ஒரு வரி: 'தேவையான மென்பொருள்களுடன்'. யாருக்குத் தேவை, எதற்குத் தேவை, ஐந்து ஆண்டு கழித்து அதைத் திறந்து சரிசெய்யப்போவது யார் என்ற பேச்சே இருக்காது. குறைந்த விலை சொன்னவருக்கு வேலை போகும். அவர் தன்னிடம் இருப்பதை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போவார்.

பொது இடத்தில் கணினி வைக்கும் வழக்கத்துக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இத்தனை காலமும் அதற்கு மென்பொருள் தேர்ந்தவர்களில் பெரும்பாலோர் கேட்டது ஒரே கேள்வி: ஜனங்களிடமிருந்து இந்தப் பெட்டியை எப்படிக் காப்பாற்றுவது? ஜனங்கள் இதில் எதை எழுதிவைப்பார்கள் என்று கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். திரும்பிப் பார்த்தால், அந்தக் கொஞ்சம் பேர் வைத்த பெட்டிகளைத்தான் நாம் இன்றைக்கும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

முதல் பெட்டியே அப்படிப்பட்டதுதான். 1973 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரத்தில், லியோபோல்ட்ஸ் என்ற இசைத்தட்டுக் கடையின் மாடிப்படி முடியும் இடத்தில், 'கம்யூனிட்டி மெமரி' என்ற பெயரில் ஒரு டெலிடைப் இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். பக்கத்துச் சுவரில் ஏற்கெனவே ஓர் அறிவிப்புப் பலகை. டிரம் வாசிக்க ஆள் வேண்டும், பழைய கிதார் விலைக்கு என்று துண்டுச்சீட்டுகள் ஒட்டியிருக்கும். டெலிடைப் போடுகிற சத்தம் கடைக்கு ஆகாது என்பதால் அதை அட்டைப்பெட்டிக்குள் அடைத்து, கை நுழைக்க இரண்டு துளை விட்டிருந்தார்கள். டெலிபோன் கம்பி வழியாக வினாடிக்குப் பத்து எழுத்து வேகத்தில், சான்பிரான்சிஸ்கோவில் ஒரு கட்டடத்தில் இருந்த எஸ்.டி.எஸ். 940 என்ற பெரிய கணினியோடு அது பேசும். லீ ஃபெல்சன்ஸ்டைன், எஃப்ரம் லிப்கின் முதலான நாலைந்து பேரின் வேலை அது.

மென்பொருளில் பயனாளர் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டே கட்டளைகள். ஒன்று சேர், இன்னொன்று தேடு. எந்தச் சொல்லின் கீழ் சேர்ப்பது என்பதை எழுதுகிறவரே முடிவு செய்யலாம். பட்டியல் எதுவும் முன்கூட்டிப் போட்டுவைக்கவில்லை. வேலை, வீடு, கார் சவாரி என்று எழுதுவார்கள் என்று எதிர்பார்த்த இடத்தில் ஜனங்கள் கவிதை எழுதினார்கள், வம்பளந்தார்கள். இந்தப் பக்கத்தில் நல்ல பேகல் எங்கே கிடைக்கும் என்று ஒருவர் கேட்டுவைத்தார். பேகல் என்பது வளையமாகச் சுட்ட ரொட்டி. கடைப் பெயர் சொல்லி வந்த பதில்களுக்கு நடுவே, முன்பு பேகல் செய்துவந்த ஒருவர், வாருங்கள், செய்யவே கற்றுத்தருகிறேன் என்று எழுதியிருந்தார். கேள்வி கேட்டவர் தேடியது ஒரு விலாசம். கிடைத்தது ஓர் ஆசான். பதில்களை ஒரு நிறுவனம் எழுதி ஏற்றியிருந்தால் அதில் கடைப் பட்டியல்தான் இருந்திருக்கும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் எப்போதும் ஒருவர் உட்கார்ந்திருந்தார், வருகிறவர்களைக் கூப்பிட்டு எப்படி அடிப்பது என்று காட்டுவதற்கு. ஒன்றரை ஆண்டு ஓடி 1975 ஜனவரியில் அது நின்றது. 1984இல் மீண்டும் வந்தபோது காசு போடும் இயந்திரமாக வந்தது. படிப்பது இலவசம், கருத்து எழுத 25 சென்ட், புதிய விவாதம் தொடங்க ஒரு டாலர். எழுதுவதற்கு விலை வைத்ததைப் பற்றி இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. குப்பை குறையும் என்பார்கள் ஒரு சாரார். என்னைக் கேட்டால், கையில் ஒரு டாலர் இல்லாதவன் வாயை அடைத்ததுதான் மிச்சம்.

நம் பக்கத்துக்கு வருவோம். 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் ஐ.டி.ஆர்.சி. பண உதவியோடு, புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூரில் நடு மையம். எம்பலம், வீராம்பட்டினம் போன்ற ஊர்களில் கிளைகள். டெலிபோன் நம்பமுடியாத காலம் என்பதால் ஊர்களுக்கும் வில்லியனூருக்கும் இடையே வி.எச்.எஃப். ரேடியோ. மின்சாரம் நம்பமுடியாத காலம் என்பதால் கூரையில் சூரிய மின்தகடு. எம்பலத்தில் கணினி இருந்தது கோயில் வளாகத்துக்குள். இடம் கொடுக்கும் ஊருக்கு ஒரு நிபந்தனை உண்டு: சேரி ஜனமும் பெண்களும் தடையில்லாமல் வந்துபோக வேண்டும். அந்த நிபந்தனையையும் மென்பொருள் தேர்வின் ஒரு பகுதியாகத்தான் நான் எண்ணுகிறேன். வாசலில் நிறுத்தப்படுகிறவருக்கு உள்ளே எந்த இயங்குதளம் ஓடினால் என்ன?

இயங்குதளம் என்று பார்த்தால் அங்கே புதுமை ஒன்றும் இல்லை. சாதாரண விண்டோஸ், சாதாரண ஆபீஸ் தொகுப்பு, ஒரு தமிழ் எழுத்துரு. ஆங்கிலம் அதிகம் தெரியாத கிராமத்துப் பெண்கள் ஆங்கில விசைப்பலகையிலேயே தமிழ் அடிக்கப் பழகினார்கள். அவர்கள் எழுதிவைத்தவற்றைப் பாருங்கள்: பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் எந்த டாக்டர் எந்தக் கிழமை, பஸ் நேரம், நெல் விலை, ரேஷன் இருப்பு, அரசு உதவித் திட்டங்களில் எதற்கு யார் தகுதி. உலகத்தைக் கிராமத்துக்குக் கொண்டுவருவது என்று அந்தக் காலத்துப் பேச்சாளர்கள் மேடையில் முழங்குவார்கள். வில்லியனூரில் நடந்தது பெரும்பாலும் பத்து மைல் சுற்றளவைக் கிராமத்துக்குக் கொண்டுவந்த வேலை. பிறகு அதை வைத்தே 'நம்ம ஊரு செய்தி' என்று மாதம் இருமுறை பத்திரிகையும் போட்டார்கள்.

உலகத்திலிருந்து வந்தது ஒன்று உண்டு. வீராம்பட்டினம் மீனவர் ஊர். வங்கக் கடலின் அலை உயர முன்னறிவிப்பை அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து வில்லியனூரில் இறக்கி, தமிழாக்கி, ரேடியோ வழியாக அனுப்புவார்கள். ஊரில் அதை ஒலிபெருக்கியில் படிப்பார்கள். கட்டுமரத்தைத் தள்ளுவதா வேண்டாமா என்று மணலில் நின்றபடியே முடிவு செய்யலாம். திரை முன்னால் யாரும் வந்து உட்காரத் தேவையில்லை. தண்டோராவுக்குக் கம்ப்யூட்டர் மாட்டிய கதை என்று அப்போது சிலர் சிரித்தார்கள். சிரிக்கட்டும். 2004 டிசம்பர் 26 காலையில், பக்கத்தில் நல்லவாடு ஊருக்குச் சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர் இளைஞர் ஒருவர் போன் செய்தார். செய்தியில் பூகம்பம் என்கிறார்கள், கடற்கரையை விட்டு நகருங்கள் என்றார். ஊர்க்காரர்கள் தகவல் மையத்தின் கதவை உடைத்துத் திறந்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அலை வந்து வீடுகளையும் படகுகளையும் கொண்டுபோயிற்று. ஜனம் தப்பியது. கணினி அன்றைக்கு ஒன்றும் செய்யவில்லை என்று வாதாடலாம். ஆனால் அந்த அறையும் ஒலிபெருக்கியும் தங்களுடையவை, அவசரத்துக்கு யாரும் எடுத்துப் பேசலாம் என்ற நினைப்பு பல ஆண்டுப் பழக்கத்தில் வந்தது. பூட்டை உடைக்க ஊரார் தயங்கவில்லை என்பதுதான் எனக்கு இதில் முக்கியம்.

பொது இடத்துக் கணினியைத் தங்களுடையது என்று நினைக்க ஜனங்களுக்குப் பயிற்சி வகுப்பு வேண்டியதில்லை. 1999 குடியரசு தினத்தன்று தில்லி கால்காஜியில், என்.ஐ.ஐ.டி. என்ற கணினிப் பயிற்சி நிறுவனத்தின் மதில் சுவரில் துளை போட்டு, அதன் ஆராய்ச்சியாளர் சுகதா மித்ரா ஒரு கணினியைப் பதித்தார். சேரிக் குழந்தைகள் தாங்களாகவே அதை ஓட்டக் கற்றார்கள். அதிலிருந்து கிளம்பிய பெரிய பெரிய கல்விக் கொள்கைகளில் எனக்குப் பாதிதான் நம்பிக்கை. பிடித்தது வேறு. திரையில் ஓடும் அம்புக்குறிக்கு அந்தப் பிள்ளைகள் வைத்த பெயர் ஊசி. காத்திரு என்று காட்டும் மணல் கடிகாரத்துக்கு உடுக்கை. சிவன் கையில் இருப்பதே, அது. எந்த மொழிபெயர்ப்புக் குழுவும் கூடவில்லை.

புதுச்சேரிப் பெண்கள் தமிழில் அடிக்கப் பழகினார்கள் என்று சொன்னேன். அது அவ்வளவு லேசாக இருக்கவில்லை. இன்றைக்குப் போனில் தமிழ் அடிக்கிறவர்களுக்கு அந்தக் காலத்துப் பாடு புரியாது. யூனிகோடில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்துவிட்டது. ஆனால் விண்டோஸ் அதைக் காட்டத் தொடங்கியது விண்டோஸ் 2000இல்தான். தமிழ்நாட்டு பிரவுசிங் சென்டர்களில் ஓடியதோ விண்டோஸ் 98. ஒவ்வொரு நாளேடும் தனக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்தது. உலகத் தமிழர் கூடி டிஸ்கி என்று ஒரு குறியேற்றம் வைத்திருந்தார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி அரசு டாம், டாப் என்று இரண்டு குறியேற்றங்களையும் தமிழ் 99 விசைப்பலகையையும் அறிவித்தது. ஓர் ஊரில் அடித்தது அடுத்த ஊரில் திறந்தால் கேள்விக்குறியும் கட்டமும் கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துமாக வரும். கல்யாணப் பத்திரிகைக்கு மாமா பெயரை ஈமெயிலில் அனுப்பி, அச்சகத்திலிருந்து போன் வந்து, எழுத்தெழுத்தாக வாயால் சொன்ன ஆள் நான்.

இதைத் தொழில்நுட்பச் சிக்கல் என்று ஒதுக்கிவிடலாம். பொது மையத்துக்கு அது பிழைப்பு சம்பந்தப்பட்டது. ஒரு நிறுவனத்தின் எழுத்துருவில் ஐந்து வருடம் ஊர்த் தகவலைச் சேர்த்துவைத்துவிட்டு, அந்த நிறுவனம் கடையைக் கட்டினால் சேர்த்தது எல்லாம் கிறுக்கலாகிவிடும். 2010 ஜூனில், கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த நேரத்தில், யூனிகோடை அரசு தரமாக ஏற்று ஆணை வந்தது. அது பொருந்தாத இடங்களுக்கு டேஸ் 16 என்ற குறியேற்றம். அதற்குள் பல ஆயிரம் கோப்புகள் பழைய குறியேற்றங்களில் அடைந்துகிடந்தன. சம்பளம் வாங்காத தமிழ் ஆர்வலர்கள் சிலர் எழுதிய எழுத்துரு மாற்றிகள் இல்லாவிட்டால் அவற்றில் பலவற்றை இன்றைக்கு ஒருவராலும் படிக்க முடியாது.

இதற்கு நடுவே மேலூர். மதுரைக்காரனான எனக்கு இது பக்கத்து வீட்டுக் கதை. 2001 நவம்பரில் 'சாரி' என்ற திட்டத்தில் மேலூர் தாலுகா கிராமங்களில் கியோஸ்க் என்ற சிறு கணினி மையங்கள் முளைத்தன. சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு உருவாக்கிய கோர்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொலைபேசிமுறை, அதை ஊர்களுக்குக் கொண்டுபோக என்-லோக் நிறுவனம், ஆராய்ச்சிக்கு ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும். உள்ளூர்க்காரர் ஒருவர் ஏறத்தாழ 50,000 ரூபாய் போட்டால் கணினி, பிரின்டர், கேமரா, பாட்டரி எல்லாம் வரும். கூடவே சென்னையில் செய்த தமிழ் ஆபீஸ் தொகுப்பு, மெதுவான இணைப்பிலும் முகம் பார்த்துப் பேசச் சென்னை நிறுவனம் ஒன்று எழுதிய வீடியோ மென்பொருள். வெண்டைச் செடியின் மஞ்சள் பிடித்த இலையைப் படமெடுத்து வேளாண் கல்லூரிக்கு அனுப்பினார்கள். கண் புரையைப் படமெடுத்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். பிறப்பு, இறப்புச் சான்று, முதியோர் உதவித்தொகை மனு இவற்றைத் தாலுகா அலுவலகத்துக்கு ஈமெயிலில் அனுப்பும் ஏற்பாடும் இருந்தது. டவுனுக்கு நாலு நடை நடப்பது மிச்சம்.

அந்த ஏற்பாடு ஓராண்டு அளவில் நின்றுபோயிற்று. மென்பொருள் கெடவில்லை. ஆர்வத்தோடு பார்த்த அதிகாரிகள் மாற்றலாகிப் போனார்கள். அடுத்து வந்தவர்களுக்கு ஈமெயிலைத் திறக்கவேண்டிய கட்டாயம் எதுவும் விதிகளில் இல்லை. ராஜேந்திர குமாரும் மைக்கேல் பெஸ்ட்டும் இதை விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அரசு வேலை நின்றதும் கியோஸ்க்கின் வருமானம் விழுந்தது; பாதிக்கு மேல் சில ஆண்டுகளில் மூடிக்கொண்டன. போட்டோ எடுப்பதும் ஜாதகம் கணிப்பதுமாகச் சில கொஞ்சநாள் தள்ளின. கண் படம் அனுப்பும் யோசனை மட்டும் தப்பியது. அரவிந்த் அதைத் தன் சொந்த வேலையாக எடுத்துக்கொண்டு, 2004க்குப் பிறகு தேனிப் பக்கத்திலிருந்து தொடங்கித் தன் ஊழியர்களே நடத்தும் கண் மையங்களாக விரித்தது. மறுமுனையில் யார் உட்கார்ந்திருக்கிறார், அவர் பதில் சொல்லியே தீரவேண்டுமா என்பது எந்த மென்பொருள் பட்டியலிலும் வராத அம்சம். அது இல்லாத இடத்தில் மற்ற அம்சங்கள் இருந்து என்ன பயன்?

ஊர்களில் கியோஸ்க் மூடிய அதே காலம்தான் டவுன்களில் பிரவுசிங் சென்டரின் பொற்காலம். மணிக்கு இருபது ரூபாய், பிளைவுட் தடுப்பு, கீழே செருப்பு, மேலே ஃபேன். அங்கே மென்பொருள் தேர்வு முழுக்கக் காவல் வேலை. ஒரு மென்பொருள் நேரம் கணக்குப் பார்க்கும். ஒன்று சி டிரைவை மறைக்கும். இன்னொன்று இருக்கிறதே, அதுதான் எமன். காலையில் கணினி எப்படி இருந்ததோ அப்படியே உறையவைத்துவிடும். நடுவில் நீங்கள் எதைச் சேமித்தாலும் மறுபடி ஆன் செய்யும்போது துடைத்துப் பழையபடி ஆக்கிவிடும். கடைக்காரருக்கு வைரஸ் தொல்லை தீர்ந்தது. நான் வேலைக்கு விண்ணப்பம் ஒன்றை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து அடித்தேன். கரண்ட் போய் வந்தது. திரையில் பச்சைப் புல்வெளி, நீல வானம், வேறு ஒன்றும் இல்லை. "சேவ் பண்ணேண்ணே" என்றேன். "இங்க சேவ் ஆகாதுப்பா, அப்படித்தான் செட் பண்ணியிருக்கு" என்றார் கடைக்காரர். இரண்டு மணி நேரக் காசையும் வாங்கிக்கொண்டார்.

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. பொதுக் கணினியை நடத்துகிறவர் படும் அவஸ்தை வெளியே தெரியாது. மைக்ரோசாஃப்ட் 2007இல் ஸ்டெடிஸ்டேட் என்று ஒன்றை இலவசமாகக் கொடுத்தது, நூலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் சென்டர்களுக்கும் என்றே. உலகம் முழுக்கப் பலர் அதை நம்பிக் கணினிகளை அமைத்தார்கள். விண்டோஸ் 7 வந்தது. அதில் இது ஓடாது என்றார்கள். 2010 கடைசியோடு விநியோகமே நின்றது. இலவசமாகக் கிடைத்ததுதானே என்று கேட்கலாம். மூலநிரல் நம் கையில் இல்லாத இலவசம் அடுத்தவர் வீட்டுத் திண்ணை மாதிரி. கதவு சாத்தும் நேரத்தை அவர்தான் முடிவு செய்வார்.

நம் அரசுகளுக்கு இது தெரியாமல் இல்லை. தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் 2007 வாக்கில், சி. உமாசங்கர் அதன் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, சூசே லினக்ஸுக்கு மாறியது. அதே ஆண்டு மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் பாஸ் லினக்ஸை வெளியிட்டது. 2015இல் மத்திய அரசு, திறந்த மூல மென்பொருளுக்கே முன்னுரிமை என்று கொள்கையே வகுத்தது. காகிதத்தில் குறை ஒன்றும் சொல்ல முடியாது. நடைமுறையில் இ-சேவை மையத்துக்குப் போய்ப் பாருங்கள். விரல்ரேகைக் கருவியின் டிரைவர் விண்டோஸைக் கேட்கும். ஏதோ ஒரு துறையின் பழைய தளம் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைக் கேட்டது. 2022 ஜூனில் எக்ஸ்ப்ளோரருக்கே மைக்ரோசாஃப்ட் விடை கொடுத்துவிட்டது. இயங்குதளத்தைத் தேர்வது கொள்கை வகுப்பவர் கையில் இல்லை, கருவி விற்பவர் கையில் இருக்கிறது. சில ஆயிரம் ரூபாய்க் கைரேகைப் பெட்டி, முப்பதாயிரம் ரூபாய்க் கணினியில் என்ன ஓடவேண்டும் என்று உத்தரவு போடுகிறது.

திரை விஷயத்துக்கு வருகிறேன். பிரவுசிங் சென்டர்களுக்காக மத்திய அரசு 2011 ஏப்ரலில் விதிகள் போட்டது. அடையாள அட்டை பார்க்கவேண்டும், யார் எப்போது வந்தார் என்ற பதிவை ஓராண்டு வைத்திருக்கவேண்டும், தடுப்பு நாலரை அடிக்கு மேல் போகக்கூடாது. தடுப்புக்குள் இல்லாத கணினிகளின் திரைகள் எல்லாம் நடுக்கூடத்தைப் பார்த்தபடி வெளிப்பக்கம் திரும்பியிருக்கவேண்டும். அதாவது நான் என் சொந்தக் காசில் என்ன படிக்கிறேன் என்பது போகிற வருகிற எல்லோருக்கும் தெரியவேண்டும்.

இ-சேவை மையத்தில் தலைகீழ். வருமானச் சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று. 60 ரூபாய் கட்டணம். என் பெயர், என் அப்பா பெயர், என் வருமானம், என் சாதி எல்லாம் ஒரு திரையில் ஏறுகின்றன. அந்தத் திரை எனக்கு முதுகைக் காட்டுகிறது. ஆபரேட்டருக்கு மட்டும் தெரியும். நான் பார்ப்பது பின்பக்கத்து ஒயர்களையும் ஒரு தூசி படிந்த ஸ்டிக்கரையும். கேன் நம்பர் இருக்கா என்பார், இ-சேவைக்கான பதிவெண் அது. முழித்தால் புதிதாகப் போடுவார். ஓடிபி வரும். அது திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஷிப்டில் இருக்கிற மகன் போனுக்குப் போகும். அவன் எடுக்கமாட்டான். எடுப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். மறுபடி அனுப்பு.

பழைய தாலுகா அலுவலக வேப்பமரத்தடி மனு எழுதுகிறவர்களை எனக்குக் கொஞ்சம் தெரியும். முக்காலி, கார்பன் தாள், மூக்குக் கண்ணாடி. இரண்டு ரூபாய் வாங்கியவரும் ஐந்து வாங்கியவரும் தவறாமல் செய்த ஒரு காரியம் உண்டு. எழுதி முடித்ததும் வாசித்துக் காட்டுவார்கள். படிக்கத் தெரியாத கிழவி காதால் கேட்டு, "நடுவுல உள்ளவன் பேரை விட்டுட்டியே" என்பாள். அதைச் சேர்த்த பிறகுதான் பெருவிரலுக்கு மை. பத்திரம் எழுதுவதிலும் அதே வழக்கம். இந்த நடைமுறைக்கு நூறு வருடத்துக்கு மேல் வயது. அதைச் செயலியாக்கியவர்கள், படிவத்தை ஏற்றினார்கள், கட்டணத்தை ஏற்றினார்கள், ரசீதை ஏற்றினார்கள். வாசித்துக் காட்டுவதை மட்டும் மரத்தடியிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். அதைச் சேர்ப்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். 'சமர்ப்பி' என்ற பொத்தானுக்கு முன்னால், எழுதியதைத் தமிழில் பெரிய எழுத்தில் இன்னொரு திரையில் காட்டும் ஒரு பக்கம். முடிந்தால் உரக்கப் படிக்கும் குரல். இரண்டாவது திரை என்ன விலை என்று பெட்டியின் இரும்புத் தகட்டுக்கு மில்லிமீட்டர் கணக்குப் போடுகிறவர்களைக் கேட்டுப் பார்க்கலாம்.

கேரளத்தில் 2002இல் மலப்புரத்தில் தொடங்கிய அட்சயா மையங்கள் இன்னும் ஓடுகின்றன. போட்டிப் பொறாமைக்காகச் சொல்லவில்லை. மேலூரில் ஒரு தாலுகாவோடு நின்றதற்கும் அங்கே மாநிலம் முழுக்கப் பரவியதற்கும் அரசு எவ்வளவு பின்னால் நின்றது என்பது ஒரு காரணம். நம் இ-சேவையும் அந்தப் பாடத்தைப் படித்துத்தான் வந்தது, சந்தேகமில்லை. மறுமுனையில் இப்போது ஆள் இருக்கிறார். மனுவை அவர் பார்த்தே ஆகவேண்டும், எத்தனை நாளாயிற்று என்று கணினி காட்டிக்கொடுக்கும். 2001ஐ நினைத்தால் இது சின்ன விஷயம் இல்லை. இந்தப் பக்கத்துத் திரை மட்டும் இன்னும் திரும்பவில்லை.

போன மாதம் ஓர் இ-சேவை மையத்தில் என் முறைக்காக உட்கார்ந்திருந்தேன். முன்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மா, மஞ்சள் பை, பைக்குள் பிளாஸ்டிக் உறை, உறைக்குள் ரேஷன் கார்டு. வாரிசுச் சான்று விஷயம். ஆபரேட்டர் பையன் நல்லவன், வேகமானவன். ஆங்கிலத்தில் பெயரை அடிக்க, பக்கத்துக் கட்டத்தில் தமிழ் தானாக விழுகிறது. ஆங்கிலத்துக்கு ஒரே ஓர் எல்தான் தெரியும். தமிழுக்கு ல, ள, ழ. எது விழுகிறதோ அதுதான் சான்றிதழ். பிறகு பத்திரத்தில் ஒரு பெயர், சான்றில் ஒரு பெயர் என்று தாசில்தார் அலுவலகத்துக்கும் வக்கீல் வீட்டுக்கும் நடக்கவேண்டியதுதான்.

"முடிஞ்சதுக்கா, சப்மிட் குடுக்கட்டுமா?" என்றான்.

"எனக்கு ஒருக்கா காட்டு, தம்பி."

அவன் நிமிர்ந்து பார்த்தான். பின்னால் வரிசை. ஒரு கணம் யோசித்துவிட்டு மானிட்டரின் கழுத்தைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பினான். ஒயர் எட்டவில்லை, மேசையிலிருந்த ஸ்டேப்ளரை நகர்த்தி, பிரின்டரைத் தள்ளி, இன்னும் கொஞ்சம் திருப்பினான். அந்தம்மா எழுந்து கவுன்டரில் முழங்கையை ஊன்றி, விரலைத் திரையில் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தது. விரல் ஓரிடத்தில் நின்றது.

"எங்கய்யா பேரு வெள்ளைச்சாமி. இதென்ன வெல்லைச்சாமி? வெல்லமா வித்தாரு?"

வரிசையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். பையனும் சிரித்தான். பின்னழிப்பு விசையைத் தட்டிக்கொண்டே போய், மேசை ஓரத்தில் எழுத்துகளை ஒட்டிவைத்திருந்த காகிதத்தைப் பார்த்து, ள-வைத் தேடினான். "இன்னொரு பேரு பாக்கி இருக்கு, அதையும் பாத்துருவோம்" என்று அந்தம்மா விரலை எடுக்காமல் நின்றது. நான் என் கையில் இருந்த விண்ணப்பத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, எங்கப்பா பெயரில் எத்தனை ண இருக்கிறது என்று எண்ணத் தொடங்கினேன்.